சாவி என்னிடம் இருந்தது

போன வாரம் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் துணி முகக்கவசங்கள் கட்டாகக் கிடைத்தன. 2020-இல் என் மனைவி பழைய சேலையைக் கிழித்துத் தைத்தவை. தூக்கிப் போடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், எதுக்காவது உதவும்" என்றாள். எதற்கும் உதவாமல் போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டேன்.

கொரோனாவைப் பற்றி எல்லாரும் எழுதி ஓய்ந்துவிட்டார்கள். நான் எழுத வந்தது எங்கள் சின்னக் கோயிலையும் அதன் சாவியையும் பற்றி. நாலு வருஷமாக எழுதாமல் தள்ளிப் போட்ட விஷயம்.

அம்மையார்குப்பம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை பக்கம் வந்தால் எங்கள் ஊர். இந்தப் பக்கம் சோளிங்கர், அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, அதைத் தாண்டினால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி தாலுகாவே சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. ம.பொ.சி. போராட்டம் பற்றி முன்பே ஒரு பதிவில் எழுதியிருக்கிறேன். ஊர் முழுக்க நெசவு. ஒரு காலத்தில் கைத்தறி, இப்போது விசைத்தறி. விடியற்காலை தொடங்கினால் ராத்திரி வரை தடதடவென்று சத்தம். புதிதாக வருகிறவர்களுக்குத் தூக்கம் வராது, எங்களுக்குச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். தறிக்காரர்கள் பெரும்பாலும் முருக பக்தர்கள். நாங்கள், கத்தோலிக்கர்கள், இருபத்து சொச்சம் குடும்பம். கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், என்னைப் போல் உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட ஒன்றிரண்டு பேர்.

எங்கள் கோயில் பங்குக் கோயில் அல்ல, கிளைக் கோயில். சிமென்ட் ஷீட் போட்ட ஒரு ஹால், முன்னால் ஒரு சிலுவை, வேப்ப மரத்தை ஒட்டி இரண்டு தூண் நட்டு அதில் ஒரு மணி. ஃபாதர் மாதத்தில் இரண்டு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார். நான் அஞ்சல் துறையில் 36 வருஷம் வேலை பார்த்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன். கணக்கு சரியாக இருக்கும் என்று கோயில் கணக்கு நோட்டையும் சாவியையும் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயசு மூத்தவர். நான் 'அண்ணா' என்பேன், அவர் 'தம்பி' என்பார். பகலில் கூலித் தறி, ராத்திரியில் கோயில். அஞ்சாவது வரைதான் படிப்பு. ஆனால் பழைய பூசைப் புத்தகம் முழுக்க மனப்பாடம். 'திருப்பலி' என்று அவர் வாயில் கடைசி வரை வரவில்லை, பூசைதான். நான் சட்டம் பார்க்கிறவன், அவர் ஆளைப் பார்க்கிறவர். அதனால் எங்களுக்குள் சண்டை வராத மாதம் கிடையாது. சண்டை போட்ட அன்றைக்கே சாயந்திரம் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்திருப்போம்.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு. சாயந்திரம் 5 மணிக்கு எல்லாரும் வாசலில் நின்று கை தட்டச் சொன்னார்கள் இல்லையா? எங்கள் தெருவில் தட்டு, தாம்பாளம், கரண்டி எல்லாம் வெளியே வந்தன. பிள்ளையார் கோயில் மணி அடித்தது. அண்ணா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, சாவியைக் குடு, நம்ம மணியும் அடிக்கட்டும்" என்றார். மணிக்கயிற்றைச் சுருட்டிக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டுவது வழக்கம், அதனால்தான் சாவி. கொடுத்தேன். ஐந்து நிமிஷம் அடித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டு நாளில் நாடு முழுக்க ஊரடங்கு. தறிச் சத்தம் நின்றது. நான் இந்த ஊருக்கு வந்து அத்தனை வருஷத்தில் அந்த மாதிரி அமைதியைக் கேட்டதில்லை. நூல் வரவில்லை, நெய்த சேலை போகவில்லை, வாரக் கூலி இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு நகரி, புத்தூரில் சொந்தம். எல்லையை அடைத்துவிட்டார்கள். வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைச் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பி, எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள், ஞாபகம் இருக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் பத்து மைலில் இருக்கிறது, பாஸ்போர்ட் கேட்காத குறை.

மார்ச் 27 ராத்திரி, நம் நேரப்படி பத்தரை மணிக்கு, ரோமில் போப் பிரான்சிஸ் செபித்ததை என் மகன் போனில் போட்டுக் காட்டினான். மழை பெய்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய புனித பேதுரு சதுக்கத்தில் ஒரு ஆள் இல்லை. வெள்ளை அங்கியில் ஒரு கிழவர் தனியாகப் படி ஏறுகிறார். பக்கத்தில் ஒரு பழைய மரச் சிலுவை. 1522-இல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போன சிலுவையாம் அது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு என் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் ஊரில் பேதி, அம்மை என்று வந்தால் அம்பு பாய்ந்த செபஸ்தியார் சுரூபத்தைத் தெருவில் தூக்கி வருவார்களாம். ரோமாபுரியானாலும் அரக்கோணமானாலும் பயம் வந்தால் மனிதன் செய்வது ஒன்றுதான். அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள், இந்தத் தடவை வெளியே வரவே கூடாது என்றார்கள். அதுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. ஓலை இல்லை, பவனி இல்லை. அன்று ராத்திரி 9 மணிக்குத்தான் விளக்கை அணைத்து 9 நிமிஷம் அகல் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கை அந்த வருஷம் விட்டுவிடும்படி ரோமிலிருந்தே உத்தரவு. பெரிய வெள்ளிக்குச் சிலுவையை முத்தி செய்யவும் ஜனங்களுக்கு அனுமதி இல்லை. மாதா டிவியில் பூசை பார்த்தோம். முதல் நாள் குளித்து, வேட்டி கட்டி, டிவி முன்னால் முழங்கால் போட்டோம். மூணாவது வாரம் நாற்காலியில் உட்கார்ந்தோம். அப்புறம் காபி டம்ளரோடு. மறைக்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 11, சனிக்கிழமை சாயந்திரம். அண்ணா வந்தார். திண்ணையிலிருந்து ஆறடி தள்ளி நின்றார்.

"தம்பி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து மணியை மட்டும் அடிச்சிட்டுப் போயிடறேன். சாவியைக் குடு."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது மணி அடித்து நிறுத்தினால், ஈஸ்டர் ராத்திரி அதே பாட்டு வரும்வரை மணி அடிக்கக் கூடாது. நடுவில் மரக்கட்டைச் சத்தம்தான். அந்த ராத்திரி மணி அடித்தால்தான் எங்கள் ஜனங்களுக்கு ஆண்டவர் உயிர்த்தார் என்று அர்த்தம்.

நான் முடியாது என்றேன். மணி அடித்தால் ஜனம் கூடும், ஜனம் கூடினால் போலீஸ் வரும், கேள்வி என்னைத்தான் கேட்பார்கள் என்றேன்.

"அன்னிக்கு அஞ்சு மணிக்கு நீதானே சாவி குடுத்தே? அப்ப அடிச்ச மணிதானே இது?"

"அன்னிக்குப் பிரதமர் அடிக்கச் சொன்னாரு."

அண்ணா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி தம்பி" என்றார். "இவரு சொன்னா அடிக்கலாம், அவருக்குன்னா அடிக்கக் கூடாது. சரி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய்விட்டார்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் விழித்துத்தான் இருந்தேன். தறிச் சத்தமும் இல்லை, மணிச் சத்தமும் இல்லை. நாய்தான் குரைத்தது. நான் செய்தது சட்டப்படி சரி. அந்தச் சமயத்தில் கூட்டம் சேரக் கூடாது என்பதும் சரி. ஆனால் ஒரு கிழவர் தனியாக வந்து கயிற்றை இழுத்துவிட்டுப் போவதால் யாருக்கு என்ன வந்திருக்கும்? எனக்கு இருந்தது நோய்ப் பயம்கூட இல்லை. யாராவது என்னைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். 36 வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காத மனுஷனின் பயம்.

அதற்கு அடுத்த வாரமே இன்னொரு சண்டை. திருவிழாவுக்கென்று சேர்த்து வைத்த பணம் கையில் 43,000 ரூபாய் இருந்தது. தேருக்குப் பெயின்ட் அடிக்க, கொடிமரம் மாற்ற என்று கணக்கில் எழுதியிருந்தேன். அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தது. அது எத்தனை நாளைக்கு வரும்? அண்ணா, "பணத்தை எடு, அரிசி வாங்குவோம்" என்றார். நான், "ஃபாதர் எழுத்து மூலமாகக் கொடுக்கணும்" என்றேன். அண்ணா அங்கேயே போனை எடுத்து ஃபாதரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். ஃபாதர், "இதுக்கு எதுக்குப் போன் பண்றீங்க? தேர் எங்கயும் ஓடிப் போயிடாது, வாங்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அறுபது குடும்பத்துக்குக் கொடுத்தோம். அறுபதா என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் இருபத்து சொச்சம்தானே? மீதி தறிக்காரத் தெரு. சொந்தமாக இரண்டு தறி வைத்திருப்பவர்களும் அன்றைக்குப் பட்டினிதான், ஆனால் கை நீட்டிக் கேட்கமாட்டார்கள். அண்ணாவுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும். இருட்டின பிறகு மூட்டையை வாசல் திண்ணையில் வைத்து, கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுவார். கணக்கில் பேர் எழுத வேண்டும் என்றேன். "எழுதாதே" என்றார். என் வாழ்க்கையில் பேர் இல்லாமல் எழுதிய செலவுக் கணக்கு அது ஒன்றுதான்.

அந்த மாதத்தில்தான் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் விஷயம் நடந்தது. ஏப்ரல் 19-இல் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர். உடலைப் புதைக்க விடாமல் ஜனங்கள் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்து விரட்டினார்கள். கடைசியில் கூட வேலை பார்த்த டாக்டர் பிரதீப் குமார் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மண் தள்ளி அவரைப் புதைத்தார். ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை சிறை. பேப்பரில் இதைப் படித்துக் காட்டினேன். அண்ணா, "எத்தினி பேரைக் காப்பாத்தின கை. அவருக்கே இப்படின்னா, நாம செத்தா யாரு தம்பி தூக்குவா?" என்றார். "நான் தூக்கறேன் அண்ணா" என்றேன். சும்மா சொன்ன வார்த்தை. அப்படிச் சில வார்த்தைகள் பின்னால் வந்து நிற்கும்.

அந்த வருஷம் எந்தச் சாமிக்கும் திருவிழா இல்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை வெறிச்சோடிக் கிடந்தது. எங்கள் தெருவில் காவடி எடுக்கிறவர்கள் வீட்டிலேயே விரதத்தை முடித்தார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் போகவில்லை, ஆகஸ்ட் 29 கொடியேற்றம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. சின்னக் கிராமக் கோயில்களை முன்பே திறக்க விட்டார்கள் என்றாலும், நான் செப்டம்பர் 1-இல் எல்லாக் கோயில்களையும் திறக்கும் உத்தரவு வந்த பிறகுதான் பூட்டைத் திறந்தேன். உள்ளே எட்டுக்கால் பூச்சி, எலிப் புழுக்கை. தீர்த்தத் தொட்டி காய்ந்து வெடித்திருந்தது.

முதல் பூசைக்குத் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். சமாதான வாழ்த்து மட்டும் மாறவில்லை. நாம்தான் முதலிலிருந்தே கை கூப்புகிறவர்களாயிற்றே. வெள்ளைக்காரர்கள் இப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். நன்மை வாங்குவதில்தான் பிரச்சினை. நாக்கில் கொடுக்கக் கூடாது, கையில்தான். எங்கள் மூத்த பாட்டி ஒருத்தி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இந்தக் கையா? சாணி அள்ளுற கை சாமி இது" என்றாள். ஃபாதர், "ஆண்டவரு மாட்டுக் கொட்டாயில பொறந்தவரு பாட்டி, சாணி அவருக்குப் புதுசு இல்ல" என்றார். பாட்டி கையை நீட்டினாள். கை நடுங்கியது. கோயிலில் பாதிப் பேர் அழுதோம்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். 2021 மார்ச்சில் அறுபது வயசுக்கு மேல் தடுப்பூசி போட்டார்கள். நான் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். அண்ணா ஈஸ்டர் முடியட்டும் என்றார். ஈஸ்டருக்கு மணி அவர்தான் அடித்தார், போன வருஷத்துக்கும் சேர்த்து. ஏப்ரல் 26-இல் மறுபடி கோயில்களை மூடச் சொன்னார்கள். மே மாதம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சபையில் அந்த ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் மட்டும் இந்தியா முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் போய்ச் சேர்ந்தார்கள். புதுச்சேரியின் ஓய்வு பெற்ற பேராயர் ஆனந்தராயர் ஆண்டகை மே 4-இல் இறந்தார். வாட்ஸப்பைத் திறக்கவே பயம்.

மே மாதம் நடுவில் அண்ணாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. அவர் மகன் எங்கெங்கோ அலைந்து ஒரு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்தான். அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஃபாதரை உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸ் பெண் புண்ணியத்தில் போனை அண்ணா காதில் வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து ஃபாதர் ஜெபித்தார். எத்தனையோ பேரின் மரணப் படுக்கையில் உட்கார்ந்து விடியும் வரை ஜெபமாலை சொன்ன மனுஷன். அவருக்குக் கிடைத்தது ஒரு போன்.

ஆறாம் நாள் காலையில் மகன் கூப்பிட்டான். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு. நேரா கல்லறைக்குத்தான் கொண்டுவராங்க. இருபது பேர் வரலாமாம். நீங்க..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. நான் முடித்தேன். "சர்க்கரை இருக்குதுப்பா உங்க சித்திக்கு. நான் வந்து..." என்று இழுத்தேன். "பரவாயில்ல சித்தப்பா" என்றான்.

நான் போகவில்லை. என் மனைவிக்குச் சர்க்கரை இருந்தது உண்மை. எனக்கு இரண்டாவது ஊசி ஆகவில்லை என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருந்தும், போகாததற்குக் காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

மணி பத்து இருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கயிற்றை எடுத்துக் கட்டினேன். எங்கள் ஊரில் யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பது அண்ணாதான். ஒரு அடி அடித்து, அது முழுக்க அடங்கினபிறகு அடுத்த அடி. அவர் அடிக்கிற மாதிரி எனக்கு வரவில்லை, அவசரம் அவசரமாக விழுந்தது. ஆம்புலன்ஸ் கோயில் முன்னால் ரோட்டில் போனது. நிற்கவில்லை. அது கல்லறைப் பக்கம் திரும்பும் வரை அடித்தேன். அதற்கு அப்புறமும் அடித்தேன். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. போலீஸ் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

அண்ணாவை யார் தூக்கினார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். மகன், மருமகன், அவர்களோடு தறிக்காரத் தெருப் பையன்கள் நாலு பேர். கழுத்தில் முருகன் டாலர் போட்ட பையன்கள். கவச உடையைப் போட்டுக்கொண்டு, கயிற்றில் பெட்டியை இறக்கி, மண் தள்ளியது அவர்கள்தான். அவர்களில் ஒருவன் வீட்டுத் திண்ணையில் போன வருஷம் அண்ணா மூட்டை வைத்துவிட்டு வந்திருக்கிறார். கணக்கில் நான் பேர் எழுதாத வீடு. அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

2021 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மழைக்காலம், மண் சேறாக இருந்தது. அண்ணி மெழுகுவத்தியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் செவ்வந்திப் பூ வைத்துவிட்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. "அன்னிக்கு மணி அடிச்சேன் அண்ணி" என்றேன்.

"கேட்டுச்சு தம்பி. வண்டியில கூட வந்த எம்புள்ளைக்கும் கேட்டுச்சாம். அழுதானாம்."

கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. அண்ணி மெழுகுவத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்கள்: "ஆனா நீ வந்திருக்கலாம் தம்பி. தூரமா நின்னிருக்கலாம்."

அதற்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவர்கள் திட்டவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வா, வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போ" என்றார்கள். போனேன்.

இப்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்கிறார்கள். முழுக்க ஆகவில்லை. வயசானவர்கள் சிலர் டிவி பூசையோடு நின்றுவிட்டார்கள். உபதேசியார் வேலைக்கு ஆள் இல்லை, அண்ணி மகன் தறியை நிறுத்தின நாட்களில் வந்து ஜெபம் நடத்துகிறான். அப்பா மாதிரி மனப்பாடம் இல்லை, போனைப் பார்த்துப் படிக்கிறான். நன்றாகத்தான் படிக்கிறான்.

ஒரு காரியம் செய்தேன். அந்தக் கல்லறைத் திருநாள் முடிந்த வாரமே சோளிங்கர் போய்க் கோயில் சாவிக்கு மூன்று நகல் போட்டேன். ஒன்று அண்ணி வீட்டில், ஒன்று மூத்த பாட்டி வீட்டில், ஒன்று கோயிலுக்கு எதிர் வீட்டுத் தறிக்காரரிடம். மணிக்கயிற்றை உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை. வெளியிலேயே தொங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சில நாள் இழுத்து அடித்துவிட்டு ஓடுகிறார்கள். முன்பானால் தடியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது அடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அந்த இரண்டு வருஷத்தில் நீங்கள் போக முடியாத, அல்லது போகாத, அடக்கம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். இந்த நவம்பரில் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். டீ கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.